ஓரெழுத்தும் முழுச்சொல்லும்



சென்ற மாதம் ஓரிரவு, கண்டியில் எனது வீட்டு மேசையில் அமர்ந்தவாறே, பதினொரு வருடங்களாக எழுதிய பத்திரிகைக் கட்டுரைகளை ஒரேயோர் எழுத்தினால் அழித்துவிட்டேன்.

லினக்ஸ் கணினியில் பல கோப்புகளை ஒரே மூட்டையாகக் கட்டவும் அவிழ்க்கவும் 'டார்' என்றொரு நிரல் உண்டு. 1979இல் வெளியான யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் காந்த நாடாக்களுக்காக அறிமுகமானது. அதனிடம் 'எக்ஸ்' என்றால் அவிழ்க்கும். 'சி' என்றால் புதிதாகக் கட்டும். விசைப்பலகையில் இவ்விரண்டும் அடுத்தடுத்து இருக்கின்றன. பழைய பெரஹராக் கட்டுரையொன்றை மட்டும் வெளியே எடுக்க விரும்பினேன். விரல் ஒரு விசை வலப்புறம் விலகிற்று. நான் கேட்ட கோப்பு வெளியில் இல்லையென நிரல் முறையிட்டது. ஆனால் அதற்கு முன்னரே பழைய மூட்டையைத் திறந்து வெறுமையாக்கிவிட்டிருந்தது. (கோப்பின் பெயர் எதனையும் கொடாதிருந்தால், வெற்று மூட்டையைக் கட்டக் 'கோழைத்தனமாக மறுக்கிறேன்' என்று கூறி நின்றிருக்கும். அக்கோழையின் துணை எனக்கு வாய்க்கவில்லை.) நகல் வைத்திருக்கவில்லையா என்பீர்கள். விடை சொல்ல வெட்கமாயிருக்கிறது.

இதே கட்டளையை இரட்டைச் சிறுகோடிட்டு 'எக்ஸ்ட்ராக்ட்' என முழுச்சொல்லாகவும் தரலாம். அவ்வாறு எழுதியிருந்தால் கைதவறி 'கிரியேட்' என்று எழுதியிருக்க முடியாது. அப்படியிருக்க இந்த ஓரெழுத்து வழக்கம் எங்கிருந்து வந்தது?

யூனிக்ஸுக்கு முந்திய மல்டிக்ஸில் இரண்டு வழக்கும் இருந்தன. 'பிரீஃப்' என்றும் எழுதலாம், 'பிஎஃப்' என்றும் சுருக்கலாம். 1969இல் பெல் ஆய்வுகூடம் அத்திட்டத்திலிருந்து விலக, கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் யூனிக்ஸைத் தொடங்கினர். அந்நாளில் அவர்களுக்கு வாய்த்த கருவி டெலிடைப் 33. அது விநாடிக்குப் பத்தெழுத்துகளையே அச்சிடும், விசைகளோ அழுத்தமானவை. பத்திரிகைக் கந்தோரில் டெலிபிரிண்டரின் கடகட ஓசையோடு வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. சொல்லுக்குச் சொல் காசு கொடுத்துக் கண்டியிலிருந்து கொழும்புக்குத் தந்தியடித்த நிருபன் எவனும் எழுத்துச் சிக்கனத்தைப் பழிக்கமாட்டான். ஆனால் சிக்கனம் பின்னர் அழகியலாயிற்று. யூனிக்ஸை மீண்டும் எழுதினால் எதை மாற்றுவீர்கள் என்று தொம்சனிடம் கேட்டபோது, 'கிரியேட்' என்னும் பெயரில் விடுபட்ட ஈற்றெழுத்தைச் சேர்ப்பேன் என்றாராம்.

இச்சுருக்கக் கலை மலைநாட்டவருக்குப் புதிதன்று. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டார்; 1883இல் கொழும்பில் ஏலம் தொடங்கியது. தேயிலைப் பெட்டிகளின்மேல் பொறித்த எழுத்துகளைச் சிறுவயதில் நான் எழுத்துக்கூட்டிப் படித்ததுண்டு. 'பி.ஓ.பி' என்றால் புரோக்கன் ஒரேஞ்ச் பெக்கோ. (ஒரேஞ்ச் என்பதற்கும் தோடம்பழத்திற்கும் யாதொரு தொடர்புமில்லை.) 'எஃப்.பி.ஓ.பி.எஃப்' என்பதைப் பாருங்கள்: முதல் 'எஃப்' பிளவரி, இறுதி 'எஃப்' பானிங்ஸ். ஒரே எழுத்து, நிற்கும் இடத்தால் பொருள் மாறுகிறது. டீமேக்கருக்கும் ஏலத் தரகருக்கும் இது ஒரு கணத்தில் விளங்கும். ஆனால் அந்தக் கொழுந்தைப் பறித்த பெண்களில் எத்தனை பேருக்குத் தம் தேயிலையின் பெயர் தெரிந்திருக்கும்? 1925இல் கட்டப்பட்ட ஹந்தானைத் தொழிற்சாலை 2001 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கு போகும் போதெல்லாம் இக்கேள்வி எனக்குள் எழும்.

யூனிக்ஸிலும் இதே சங்கடம்தான். 'வி' என்னும் எழுத்து டாரில் செய்வதையெல்லாம் சொல்லிச் செய் என்னும். 'கிரெப்' நிரலிலோ பொருந்தாத வரிகளைக் காட்டு என்னும். பழகியவர் எழுத்துகளை ஒட்டி ஒரே மூச்சில் அடிப்பார். புதியவர் திகைப்பார்.

1983இல் ரிச்சர்ட் ஸ்டோல்மன் அறிவித்த குனூ திட்டமே முழுச்சொற்களைப் பரவலாக்கியது. ஓரெழுத்துத் தெரிவுகளுக்கு நிகரான முழுச்சொற்களும் இருக்க வேண்டும் என்பது அதன் எழுத்துநெறி. ஒற்றைக் கோட்டின் பின் வரும் எழுத்துகள் ஒட்டிய ஓரெழுத்துகளாகவே கொள்ளப்படும் ஆதலால், முழுச்சொல்லுக்கு வேறு அடையாளம் வேண்டியிருந்தது. முதலில் கூட்டற்குறியை வைத்துப் பார்த்தனர். பின்னரே இரட்டைக் கோடு நிலைத்தது. பழையதை ஒழிக்காமலே புதியதற்கு இடங்கொடுத்த இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். ஒருமுறை அடித்து மறப்பதற்கு ஓரெழுத்துப் போதும். பிறர் நாளை வாசித்துத் திருத்த வேண்டிய கட்டளைக் கோப்பில் ஓரெழுத்துகளை எழுதி வைப்பவர், தரகர் மட்டுமே வாசிக்கக்கூடிய பெட்டியைச் செய்கிறார் என்பதே என் எண்ணம்.

அழிந்தவற்றில் சில, பத்திரிகை நறுக்குகளாக அட்டைப்பெட்டியில் கிடக்கின்றன. பேத்தி ஒவ்வொன்றாகத் தட்டச்சிடுகிறாள். அவளுக்கென முழுச்சொற்களில் கட்டளைகளை ஒரு தாளில் எழிதாக எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். என் விரல் மட்டும் இன்னமும் ஓரெழுத்தையே தேடுகிறது.