குலாப்சிர்: இறக்கை சொல்லும் சாட்சி

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கல்கத்தாவில் தலைமை நீதிபதியாக இருந்தவர் எலைஜா இம்பே. அவர் மனைவி மேரி, பாட்னாவிலிருந்து ஓவியர்களை அழைத்துவந்து வங்காளத்துப் பறவைகளையும் விலங்குகளையும் வரையச் சொன்னார். அப்படி வந்தவர்களில் ஒருவரான பவானி தாஸ், ரோஜா நிறத் தலையும் கழுத்தும் கொண்ட ஒரு வாத்தை வரைந்தார். உடல் மட்டும் கரும்பழுப்பு. 1790-இல் ஆங்கிலேயப் பறவையியலாளர் ஜான் லேதம் அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். இந்தியில் அதற்கு ஏற்கெனவே அழகான பெயர் இருந்தது: குலாப்சிர், அதாவது ரோஜாத் தலை.

இது வலசை வரும் பறவை அல்ல. கங்கைச் சமவெளியிலும் பிரம்மபுத்திராப் பகுதியிலும், ஆளுயரப் புல் சூழ்ந்த சதுப்புக் குட்டைகளிலேயே வாழ்ந்தது. புல்லுக்குள் கூடு கட்டும். முட்டை கோழிமுட்டைபோல் நீண்டிருக்காது. ஏறக்குறைய கோலிக்குண்டு போல உருண்டை. எக்காலத்திலும் ஏராளமாக இருந்த பறவையல்ல என்றாலும், குளிர்காலத்தில் கல்கத்தாச் சந்தைக்கு விற்பனைக்கு வந்திருக்கிறது.

பிறகு புல்வெளிகள் வயல்களாயின, துப்பாக்கிகளும் பெருகின. 1935-இல் பீகாரின் தர்பங்கா பகுதியில் கிடைத்த பதிவே, இயற்கையில் இந்தப் பறவை வாழ்ந்ததற்கான கடைசி உறுதியான சான்றாகக் கருதப்படுகிறது. இங்கிலாந்தில் ஆல்ஃபிரட் எஸ்ரா தம் ஃபாக்ஸ்வாரன் பூங்காவில் சில வாத்துகளை வளர்த்தார். அவை ஒருமுறைகூடக் குஞ்சு பொரிக்கவில்லை.

அதற்குப் பின்னும் 'பார்த்தேன்' என்ற செய்திகள் வந்துகொண்டேதான் இருந்தன. அவற்றில் பலவற்றுக்குக் காரணம் செங்கொண்டை வாத்தாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. குளிர்காலத்தில் வடஇந்திய நீர்நிலைகளுக்கு வரும் அதன் ஆணுக்கு ஆரஞ்சு கலந்த செந்தலை. காலைப் பனியில், தொலைவில், அது இளஞ்சிவப்பாகவே தெரியும். ஏமாறியவர்களைக் குறைசொல்ல முடியாது. ஆசையோடு பார்க்கும் கண்ணுக்கு முதலில் படுவது தலைதான்.

ஆனால் தலையை நம்பக் கூடாது, இறக்கையைப் பார்க்க வேண்டும். செங்கொண்டை வாத்து பறக்கும்போது இறக்கையின் மேல்புறத்தில் அகலமான வெள்ளைப் பட்டை பளிச்சென்று விரியும். குலாப்சிருக்கு அந்த வெள்ளை கிடையாது. மங்கிய சந்தன நிறத் திட்டு மட்டுமே. இறக்கையின் அடிப்புறம் வெளிர் இளஞ்சிவப்பு. நீரில் இருக்கும்போது மார்பும் விலாவும் காட்டிக்கொடுத்துவிடும்: செங்கொண்டைக்கு மார்பு கறுப்பு, விலா வெள்ளை; குலாப்சிருக்கு இரண்டுமே கரும்பழுப்பு.

மியான்மரின் கச்சின் பகுதிச் சதுப்புகளில் இந்த நூற்றாண்டிலும் குழுக்கள் தேடிப்பார்த்தன. உறுதியான படம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஆனாலும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழிந்த இனமாக இன்னும் அறிவிக்கவில்லை. அழிந்திருக்கக்கூடும் என்ற குறிப்போடு, மிக அருகிய இனங்களின் பட்டியலிலேயே வைத்திருக்கிறது.

உங்கள் ஊர் ஏரியில் பழக்கமில்லாத வாத்து ஒன்று இறங்கினால், அவசரப்பட்டுப் பெயர் சூட்டாதீர்கள். அது எழும்பும்வரை பொறுத்திருந்து, விரிந்த இறக்கையைப் படமெடுங்கள். தேதியையும் இடத்தையும் மறக்காமல் குறித்துவையுங்கள்.