வாகை: மரமும் மரபும்

கடலூரும் சிதம்பரமும் சார்ந்த நிலப்பகுதி மரங்களாற் பெயர்பெற்ற பகுதியாகும். திருப்பாதிரிப்புலியூர் பாதிரியாற் பெயர் பெற்றது. சிதம்பரம் தில்லையாற் பெயர் பெற்றது. திருமுதுகுன்றத்தின் தலமரம் வன்னி. இம்மூன்றற்கும் உள்ள தலச்சிறப்பு இப்பகுதியிற் சாலையோரத்தும் ஊர்ப்புறத்தும் வளரும் வாகைக்கு இல்லை. எனினும் தமிழிலக்கணம் ஒரு திணைக்கே அதன் பெயரை இட்டுள்ளது. வென்றாரை ‘வாகை சூடினார்’ என்று இன்றும் கூறுகின்றோம். ஆயின் அம்மலர் யாது என வினவின், மஞ்சட் பூக்கள் கொத்துக் கொத்தாய்ப் பூக்கும் வேறொரு மரத்தையே பலரும் சுட்டுகின்றனர். ‘இயல்வாகை’ என்று அதற்கு வழங்கும் பெயரே இம்மயக்கத்திற்குக் காரணமாகும். ஆகவே, சங்கச் சான்றோர் பாடிய வாகை எம்மரம் என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

தாவரநூலார் வாகையை ‘அல்பீசியா லெபக்’ என்பர். 1753-இல் லின்னேயஸ் இதனை மைமோசா இனத்துள் அடக்கினார். 1772-இல் துராசினி என்பார் அல்பீசியா என்னும் பேரினத்தை வகுத்தார். அப்பெயர் இத்தாலிய நாட்டுப் பிளாரன்ஸ் நகரத்து அல்பிசி குடும்பத்துப் பெருமகன் ஒருவரை நினைவுறுத்துவது. 1844-இல் பெந்தம் வாகையை அப்பேரினத்துட் சேர்த்தார். இது அவரைக் குடும்பத்து மரம். இலைகள் இருமுறை பிரிந்த கூட்டிலைகள். இரவிற் குவியும் இயல்பின. மரம் கோடை தொடங்குமுன் இலையுதிர்க்கும். பின்னர்த் தளிரும் பூவும் தோன்றும். பூவில் இதழினும் மகரந்தத் தாள்களே நீண்டு விரிந்து தோன்றும். அவற்றின் நுனி பசுமை சார்ந்தது. காய்கள் ஏறத்தாழ 15 முதல் 30 செ.மீ. வரை நீண்டு தட்டையாயிருக்கும். முற்றி உலர்ந்தபின் வைக்கோல் நிறமாய் வெளுத்து, நெடுநாள் மரத்திலேயே தொங்கும். காற்று வீசுங்கால் உள்ளிருக்கும் விதைகள் குலுங்கி ஓயாது ஒலிக்கும். மேலைத்தீவுகளிற் குடியேறிய இம்மரத்தை அந்நாட்டார் ‘பெண்டிர் நாக்கு’ என எள்ளியழைப்பது இவ்வொலி பற்றியேயாம்.

இனி இலக்கியச் சான்றுகளை நோக்குவாம். குறுந்தொகை 7-ஆம் பாட்டிற் பெரும்பதுமனார், கயிற்றின்மேல் ஆடும் ஆரியக் கூத்தர்க்குக் கொட்டும் பறையொலி போல, காற்று மோத வாகையின் வெண்மையான நெற்று ஒலிக்கும் காட்டுவழியைக் காட்டுகின்றார். அந்நூலின் 347-ஆம் பாட்டு, வாகைப்பூவிற்கு மயிலின் உச்சிக் கொண்டையை உவமையாக்குகின்றது. நெற்றின் வெண்மை, நெற்றின் ஒலி, பூவின் கொண்டை வடிவம் ஆகிய இம்மூன்றும் ஒருங்கே பொருந்தும் மரமே சங்கத்து வாகையாதல் வேண்டும்.

இயல்வாகை எனப்படும் ‘பெல்டோபோரம்’ இம்மூன்றனுள் ஒன்றற்கும் பொருந்துவதன்று. அதன் பூ கசங்கினாற் போன்ற ஐந்து மஞ்சள் இதழ்களையுடையது, மயிற்கொண்டையை ஒவ்வாது. அதன் காய் செம்பு நிறமுடையது. முதிர முதிரக் கருமை எய்துவது. அஃது ஓரத்தே சிறகமைந்த சிறு காய், பறைபோல் ஒலிப்பதன்று. அம்மரம் தமிழ்நாட்டில் நிழலுக்காக நட்டு வளர்க்கப்பெறுவது. அல்பீசியா லெபக்கிற்கோ மூன்றும் இனிது பொருந்துகின்றன.

ஈண்டு ஒரு தடை எழும். பதிற்றுப்பத்தின் நான்காம் பத்து, களங்காய்க்கண்ணி நார்முடிச் சேரல் நன்னனை வென்று அவன் காவல்மரமாகிய வாகையை அடியோடு வெட்டிய செய்தியைக் கூறுகின்றது. 40-ஆம் பாட்டு அம்மரத்தின் பூவைச் சுடர்விடுவதாகக் கூற, பதிகம் அதனைப் பொன்னொடு சார்த்துகின்றது. இதனால் வாகை மஞ்சட் பூ மரமே எனலாமோ எனின், ஆகாது. அல்பீசியாவின் பூ மலரும்போது வெளிறித் தோன்றினும், வாடுங்கால் மஞ்சளாக மாறுவது கண்கூடு. அன்றியும், நிறம் பற்றிய அடை ஒன்றே கொண்டு, காயும் வடிவும் கூறும் சான்றுகளைத் தள்ளுதல் முறையன்று.

தொல்காப்பியர் வாகையைப் பாலைக்குப் புறனாக வைத்தமையும் இங்குக் கருதற்பாலது. இதற்கு உரையாசிரியர்கள் காட்டும் காரணங்கள் வேறு. எனினும், வேனிலில் இலையற்று, நெற்று ஒலிக்க நிற்கும் மரம் பாலைக் காட்சிக்கு இயல்பாகவே உரியது. மேலும், தொல்காப்பியர் கூறும் வாகை போர்வெற்றி மட்டுமன்று. அவரவர் தத்தம் துறையிற் குற்றமின்றி மேம்படுதலும் வாகையேயாம். பகைவரைக் கொன்று மலர்சூடி ஆர்த்தலை முதன்மையாக்கியது பிற்காலத்துப் புறப்பொருள் வெண்பாமாலையாகும்.

வாகையின் பயன்களும் அவ்வகன்ற பொருளுக்கு ஏற்பவே அமைந்துள்ளன. வைரம் பாய்ந்த அதன் உட்கட்டை கரும்பழுப்பு நிறமும் வரிகளும் உடையது. தட்டுமுட்டுப் பொருள்களுக்கும் வண்டி உறுப்புகளுக்கும் ஏற்றது. அந்தமான் வாகை ‘கொக்கோ’ என்னும் வணிகப் பெயரால் மேனாடுகளிலும் விலைபோயிற்று. மரச்செக்கிற்கு வாகையைத் தேர்ந்துகொள்ளும் வழக்கம் இன்றும் உண்டு. தழை ஆடுமாடுகளுக்கு நல்லுணவு, வயலுக்கு உரம். வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரசனை நிலைப்படுத்தி மண்ணை வளமாக்குகின்றன.

எனினும் வேர் ஆழச் செல்லாது பரவுவதாகலின் கடும்புயலுக்கு இம்மரம் ஆற்றாது. 2011 டிசம்பர் 30-இல் கடலூர்க்கும் புதுச்சேரிக்கும் இடையே கரைகடந்த தானே புயல் இம்மாவட்டத்து மரவளத்தைப் பெரிதும் அழித்தது. விழுப்புரத்திலிருந்து கடலூர், சிதம்பரம் வழியாக நாகப்பட்டினம் செல்லும் நெடுஞ்சாலையை அகலப்படுத்திய காலத்தும் சாலையோர மரங்கள் வெட்டுண்டன. சிதம்பரம் தில்லை எனப் பெயர் தாங்கி நிற்கத் தில்லை மரங்களைக் காண நாம் பிச்சாவரம் செல்ல வேண்டியுள்ளது. வாகைக்கும் அந்நிலை நேரின், சங்கப் பாடல் கூறும் நெற்றொலியை மாணாக்கர்க்கு உரையால் மட்டுமே விளக்க நேரும். ஆதலின் புதிதாக மரம் நடுவோர் இயல்வாகையொடு நில்லாது, கட்டடங்களுக்கும் மின்கம்பிகளுக்கும் விலகிய இடந்தேர்ந்து வாகையையும் நடுதல் வேண்டும். தமிழ்த்துறையாரும் தாவரத்துறையாரும் கூடி அம்மரங்களுக்கு உரிய பெயர்ப்பலகை இடுவாராயின், மேற்காட்டிய மயக்கம் எளிதில் நீங்கும்.