சுழல் ஓங்கில்

டால்பின் எனப் பரவலாக அறியப்படும் ஓங்கில்களில் சிறிய இனம் சுழல் ஓங்கில். அட்லாண்டிக், இந்திய, பசிபிக் பெருங்கடல்களின் வெப்பமண்டலப் பகுதிகளில் வாழ்கிறது. அறிவியல் பெயர் ஸ்டெனெல்லா லாங்கிரோஸ்ட்ரிஸ். 1828-இல் ஜான் எட்வர்டு கிரே இதை விவரித்தார். வளர்ந்தவை ஏறத்தாழ 2 மீட்டர் நீளம். ஒல்லியாக நீண்ட அலகும், கருஞ்சாம்பல் முதுகு, வெளிர்சாம்பல் விலா, வெண்வயிறு என்ற மூவண்ண உடலும் அடையாளம். நான்கு துணையினங்கள் உண்டு. கிழக்குப் பசிபிக்கின் முதிர்ந்த ஆண்களுக்கு முதுகுத்துடுப்பு, முன்பின்னாகத் திருப்பித் தைத்ததுபோல் முன்னோக்கிச் சாய்ந்திருக்கும்.

பெயருக்குக் காரணமான சுழற்சி நீருக்கடியிலேயே தொடங்கிவிடுகிறது. மேல்நோக்கிப் பாய்ந்து வரும்போதே உடல் முறுக்கிக்கொள்ளும்; நீரின் தடை விலகியதும் வேகம் கூடி, ஒரே தாவலில் ஏழு சுற்று வரை சுழலும். உடலில் ஒட்டிய மீன்களை உதறவே இப்படிச் செய்கிறது என்பர் சிலர். பக்கவாட்டில் விழும்போது எழும் ஓசை, தொலைவில் நீந்தும் கூட்டத்தாருக்குச் சேதி சொல்கிறது என்பது மற்றொரு விளக்கம். இரண்டுமே உண்மையாக இருக்கலாம்.

தாவலைவிட வியப்பானது இதன் அன்றாட ஒழுங்கு. ஹவாய்த் தீவின் கியாலகேகுவா விரிகுடாவில் கென்னத் நோரிஸும் உடன் பணியாற்றியவர்களும் இதை நுணுக்கமாக ஆராய்ந்தனர். ஆழ்கடலின் விளக்குமீன்கள், கணவாய்கள், இறால்கள் இரவில் மேலேறி வரும், அப்போதுதான் வேட்டை. ஹவாய்க் கடலில் பதினாறு முதல் இருபத்தெட்டு வரையிலான ஓங்கில்கள் இணை இணையாக அணிவகுத்து, இரையை வளைத்து நெருக்கி, முறைவைத்து உள்ளே புகுந்து உண்பதை ஒலியலைக் கருவிகள் பதிவு செய்துள்ளன. விடிந்ததும் ஆழமற்ற, மணற்தரை கொண்ட விரிகுடாக்களுக்குத் திரும்புகின்றன. வெளிறிய மணலுக்கு மேலே சுறாவின் நிழலுரு எளிதில் தெரியும். அங்கே தாவலும் சீழ்க்கையும் அடங்க, கூட்டம் நெருங்கி மெல்ல நீந்தும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை எல்லாம் சேர்ந்து மேலே வந்து மூச்செடுக்கும். பிற்பகலில் கடலுக்குள் போவதும் திரும்புவதுமாகச் சிறிது நேரம் அலைந்து, பிறகே ஒன்றாகக் கிளம்பும்.

இந்த ஓய்வு கலைந்தால் இரவு வேட்டைக்கு வலு குறையும். எனவே ஹவாயில் கரையிலிருந்து இரண்டு கடல்மைல் எல்லைக்குள் இவற்றை 45 மீட்டருக்குள் நெருங்க 2021-இல் தடை வந்தது. இலங்கையின் கற்பிட்டிக் கடலிலும் பெருங்கூட்டங்களைக் காணச் சுற்றுலாப் படகுகள் காலையில்தான் புறப்படுகின்றன. இரவு வேட்டை முடிந்து அவை ஓய்வை நாடும் வேளை அது.

கிழக்குப் பசிபிக்கில் நேர்ந்தது இதைவிடக் கொடியது. அங்கே மஞ்சள்துடுப்புச் சூரைகள் ஓங்கில் கூட்டங்களுக்கடியில் நீந்தும். 1950-களின் இறுதியிலிருந்து சூரைக் கப்பல்கள் ஓங்கில்களையே குறிவைத்துச் சுருக்குவலை வளைத்ததில் அவை பெருந்தொகையாக மடிந்தன. அமெரிக்காவின் 1972-ஆம் ஆண்டுக் கடற்பாலூட்டிப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் இறப்பு படிப்படியாக வெகுவாகக் குறைந்தது. ஆனால் ஒரு பெண் ஓங்கில் ஏறக்குறைய பத்து மாதம் சுமந்து ஒரே குட்டி ஈனும். அடுத்த ஈற்றுக்குச் சுமார் மூன்று ஆண்டாகும். அழிந்த எண்ணிக்கை அந்த வேகத்தில்தான் ஈடாக முடியும்.