அம்மைப்பால் வந்த வழி

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குச் செல்லும் சாலையில் உள்ள மண்டகப்பட்டு, மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகைக்கோயிலால் வரலாற்று மாணவர்களுக்கு அறிமுகமான ஊர். செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியவை இன்றி அதனை அமைத்ததாக அம்மன்னன் அங்கே கல்லில் பொறித்து வைத்தான். அதே சாலையில் மேலும் சென்றால், நவாப் சஆதத்துல்லாஹ் கான் பெயரால் 1717-18இல் எழுந்த பள்ளிவாசல் செஞ்சிக் கோட்டையில் நிற்கிறது. ஆட்சியாளர்களின் பணிகளுக்குக் கல்வெட்டுச் சான்று உண்டு. இவ்வட்டாரத்துக் கிராமங்களில் வைசூரி கொண்டுபோன குழந்தைகளுக்கு எந்தக் கல்லும் சான்று சொல்வதில்லை. அக்கொடிய நோய் இன்று உலகில் இல்லை. அதனை ஒழித்த தடுப்பூசியோ இன்றும் சிலரால் ஐயத்தோடு பார்க்கப்படுகிறது. அது நம் மார்க்கத்துக்கும் மரபுக்கும் அந்நியமானது என்ற எண்ணமும் சில இடங்களில் நிலவுகிறது. இவ்வெண்ணத்தை வரலாறு எந்த அளவுக்கு ஏற்கிறது என்பதே இங்கு நம் ஆய்வு.

முன்னோர் கண்ட நெறி

ஹிஜ்ரி 18ஆம் ஆண்டில் (கி.பி. 639) ஷாம் தேசத்தின் அம்வாஸில் கொள்ளைநோய் பரவியது. அங்குச் சென்றுகொண்டிருந்த கலீஃபா உமர் (ரலி) அவர்கள், ஸர்ஃக் என்னுமிடத்தில் இச்செய்தியை அறிந்தார்கள். முஹாஜிர்களையும் அன்ஸாரிகளையும் குறைஷி முதியோரையும் தனித்தனியே அழைத்து ஆலோசித்தபின் திரும்பிவிட முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுவதா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் வினவியபோது, ஒரு விதியிலிருந்து மற்றொரு விதியின் பக்கமே செல்கிறோம் என்ற கருத்தில் கலீஃபா விடையளித்தார்கள். கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் நுழையவும் வேண்டாம், இருக்கும் ஊரில் அது தோன்றினால் வெளியேறவும் வேண்டாம் என்ற நபிமொழியை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் அறிவித்ததும் அம்முடிவு உறுதிப்பட்டது. அபூஉபைதா (ரலி) அவர்களும் முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களும் அந்நோயிலேயே இறைவனடி சேர்ந்தார்கள். பின்னர்ப் பொறுப்பேற்ற அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் மக்களை மலைப்பகுதிகளுக்குப் பிரித்து அனுப்பியதாக வரலாற்றாசிரியர்கள் குறித்துள்ளனர். தவக்குல் என்பது தற்காப்பைக் கைவிடுவதன்று என்பதை ஸஹாபாக்களின் இவ்வரலாறே தெளிவாக்கிவிடுகிறது.

இதே தெளிவைப் பின்வந்த அறிஞர்களிடமும் காண்கிறோம். ரய் நகரத்து மருத்துவ மேதை அர்ராஸி, வைசூரியும் தட்டம்மையும் வெவ்வேறு நோய்கள் என்று பிரித்துக் காட்டித் தனி நூல் எழுதினார். 14ஆம் நூற்றாண்டின் பெருங்கொள்ளைநோய்க் காலத்தில் கிரானடாவின் இப்னுல் கத்தீப், நோய் தொற்றுவது கண்கூடான அனுபவத்தால் நிறுவப்பட்டது என்றும், அதற்கு மாறாகத் தோன்றும் அறிவிப்புகளுக்குத் தக்க விளக்கம் காணவேண்டும் என்றும் வாதிட்டார். ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் இப்னு ஹஜர் அஸ்கலானி (இறப்பு 1449) கொள்ளைநோயில் தம் பெண்மக்களை இழந்தவர். அந்நோயைப் பற்றி அவர் இயற்றிய நூலில், பிரார்த்தனைக்காக மக்கள் பெருந்திரளாகக் கூடியபின் இறப்புகள் மிகுந்ததையும் மறைக்காமல் பதிவு செய்தார்.

நம் கிராமங்களிலும் இதற்கு இணையான ஒரு வழக்கம் இருந்தது. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகப்பட்டால் அயலார் உள்ளே நுழைவதில்லை. அவ்வீட்டாரும் பிற வீடுகளுக்குச் செல்வதில்லை. அதன் பின்னிருந்த நம்பிக்கை வேறாயினும், நோயுற்றோரையும் நலமுற்றோரையும் பிரித்துவைக்கும் பயன் அதில் இருந்தது.

ஆற்காட்டுக்கு வந்த அம்மைப்பால்

தடுப்பூசிக்கு முற்பட்டது, வைசூரிக் கொப்புளத்தின் சீழையே சிறிதளவு கீறி ஏற்றும் முறை. உதுமானிய நாட்டில் இது மக்கள் வழக்கமாக இருந்தது. ஆங்கிலத் தூதரின் மனைவி மேரி மாண்டேகு 1717இல் எதிர்னே நகரிலிருந்து எழுதிய கடிதத்தில் இதனை விவரித்தார். மறு ஆண்டு தம் மகனுக்கே இஸ்தான்புல்லில் இதைச் செய்வித்து, 1721இல் லண்டனிலும் அறிமுகப்படுத்தினார். செஞ்சியில் பள்ளிவாசல் எழுந்துகொண்டிருந்த அதே காலத்தில், முஸ்லிம் நாட்டு மக்களிடமிருந்து ஐரோப்பா நோய்த்தடுப்பின் பாடத்தைக் கற்றுக்கொண்டிருந்தது.

1796இல் எட்வர்ட் ஜென்னர், பசுவின் அம்மையே மனிதரை வைசூரியிலிருந்து காக்கும் என்று காட்டினார். அம்மருந்தை இங்கிலாந்திலிருந்து கடல்வழியே இந்தியாவுக்கு அனுப்பிய முயற்சிகள் தோற்றன. நீண்ட பயணத்தில் அது வீரியமிழந்தது. இறுதியில் வியன்னாவிலிருந்து மருத்துவர் ழான் தெ காரோ கண்ணாடித் தகடுகளுக்கிடையே வைத்து அனுப்பிய அம்மைப்பால் தரைவழியே பக்தாதை அடைந்தது. அங்கும் பஸ்ராவிலும் மனிதக் கைகளில் உயிரோடு காக்கப்பட்டுப் பம்பாய் சேர்ந்தது. 1802 ஜூன் 14ஆம் நாள் அன்னா டஸ்தால் என்ற மூன்று வயதுச் சிறுமியின் கையில் அது பலித்தது. அவ்வாண்டிலேயே இலங்கைக்கும் சென்னைக்கும் பரவியது. கடல்வழி தோற்ற இடத்தில் பக்தாதும் பஸ்ராவும் பாலமாயின என்பது நாம் மறந்துவிட்ட வரலாறு.

ஆனால் தமிழகத்தில் அதைக் கொண்டுவந்த கை யாருடையது? 1801 ஜூலை 31ஆம் நாள் ஒப்பந்தத்தின் வழியே கர்நாடக நவாபின் ஆட்சியுரிமை முழுவதையும் கிழக்கிந்தியக் கம்பெனி எடுத்துக்கொண்டது. தென்னாற்காடு அதன் ஜில்லாவாயிற்று. நாட்டைப் பறித்த சிறிது காலத்திலேயே அதே அரசு குழந்தைகளின் கையைக் கீற வந்தபோது மக்கள் அஞ்சியதில் வியப்பில்லை. செய்முறையும் அச்சத்தை வளர்த்தது. அம்மை குத்தப்பட்ட குழந்தையின் கொப்புளத்திலிருந்து எட்டாம் நாள் பால் எடுத்து மற்றொரு குழந்தைக்கு ஏற்றினர். இதற்காகப் பிள்ளையை வேற்றூருக்குக் கொண்டுசெல்லப் பெற்றோர் மறுத்தனர். அம்மை குத்துபவர் வருகிறார் என்றதும் பிள்ளைகளை ஒளித்துவைத்தனர்.

இத்தயக்கத்தை நீக்கத் தந்திரமும் கையாளப்பட்டது. சென்னையில் பணியாற்றிய தமிழறிஞர் எல்லிஸ், பசுவின் அம்மையைத் தெய்வ அருளாகக் காட்டும் ஓர் உரையாடலை இயற்றியதை ஆய்வாளர்கள் வெளிக்கொணர்ந்துள்ளனர். சட்டமும் வந்தது. 1880ஆம் ஆண்டின் தடுப்பூசிச் சட்டம் நகராட்சிகளையும் பாளையங்களையும் கருதி இயற்றப்பட்டது; மண்டகப்பட்டு போன்ற சிற்றூர்கள் அதன் எல்லைக்கு வெளியே இருந்தன. கன்றுகளிடமிருந்து பால் எடுக்கும் முறை பரவி, 1899இல் நிறுவப்பட்ட கிண்டி கிங் நிலையம் மருந்தைப் பெருமளவில் உருவாக்கத் தொடங்கிய பின்னரே கைக்குக் கை ஏற்றும் முறை மறைந்தது.

ஆணையும் முன்மாதிரியும்

1896இல் பம்பாயில் பிளேக் தோன்றியபோது, அச்சுறுத்தலுக்கும் முன்மாதிரிக்கும் உள்ள வேறுபாடு வெளிப்பட்டது. புனேயில் படைவீரர்கள் வீடுகளுக்குள் புகுந்து சோதனையிட்டனர். பெண்களின் மானம் கருதப்படவில்லை என்ற குமுறல் முற்றி, 1897 ஜூனில் பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார். அதே ஆண்டு ஜனவரி 10ஆம் நாள், தாம் கண்டறிந்த பிளேக் தடுப்பூசியை ஹாஃப்கின் முதலில் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். அப்போது இருபது வயதளவிலிருந்த மூன்றாம் ஆகா கான், தம்மைப் பின்பற்றும் கோஜா மக்கள் காண அவ்வூசியைப் போட்டுக்கொண்டார். ஆய்வுக்கூடத்துக்குத் தம் மாளிகை ஒன்றையும் அளித்தார். அவருடைய மக்கள் ஆயிரக்கணக்கில் முன்வந்தனர். துப்பாக்கி ஏந்திய படையால் இயலாததைத் தலைவர் ஒருவர் நீட்டிய கை செய்துகாட்டியது.

மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. 1902இல் பஞ்சாபின் முல்கோவாலில் ஹாஃப்கின் ஊசி பெற்ற 19 பேர், ஒரு புட்டியில் கலந்திருந்த ஜன்னிக் கிருமியால் இறந்தனர். ஹாஃப்கின் மீது சுமத்தப்பட்ட பழி 1907இலேயே நீங்கியது. தடுப்பு மருந்தின் தூய்மையைக் குறித்துக் கேள்வி கேட்பது குற்றமன்று. அக்கேள்விக்கு வெளிப்படையான விசாரணையும் நேர்மையான விடையும் தேவை. மருந்துகளில் சேரும் ஜெலட்டின் பற்றிய மார்க்க வினாவும் இத்தகையதே. 1995இல் குவைத்தில் இஸ்லாமிய மருத்துவ அறிவியல் அமைப்பு கூட்டிய கருத்தரங்கில், ஒரு பொருள் முற்றிலும் வேறொன்றாக உருமாறினால் அதன் சட்டமும் மாறும் என்ற ‘இஸ்திஹாலா’ அடிப்படையில் உலமாக்கள் இதற்கு விடை கண்டனர்.

1967இல் உலக சுகாதார அமைப்பு வைசூரி ஒழிப்பைத் தீவிரப்படுத்தியது. நோய் கண்ட இடத்தைத் தேடிக் கண்டு, சுற்றியுள்ளோர் அனைவருக்கும் அம்மை குத்துவதே அதன் உத்தியாயிற்று. வட மாநிலங்களுக்கு முன்னதாகவே தென்னகம் விடுபட்டது. 1975 மே மாதத்தோடு இந்தியாவில் வைசூரி முடிவுற்றது. 1980 மே மாதத்தில் உலகம் முழுவதும் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

போலியோ ஒழிப்பில் பழைய பாடம் மீண்டும் படிக்கப்பட்டது. சொட்டு மருந்து மலட்டுத்தன்மை தரும் என்ற வதந்தியால் உத்தரப்பிரதேசத்தின் பல முஸ்லிம் குடும்பங்கள் கதவடைத்தன. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகமும் ஜாமிஆ மில்லிய்யாவும் துணைநின்று, இமாம்கள் பள்ளிவாசல்களிலிருந்து அறிவித்தபின் கதவுகள் திறந்தன. இந்தியாவின் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச் 27ஆம் நாள் போலியோ அற்ற நாடாகச் சான்று கிடைத்தது. ஆயினும் 2017 பிப்ரவரியில் தட்டம்மை - ரூபெல்லா தடுப்பூசி முகாம்கள் தமிழகத்தில் தொடங்கியபோது, கைபேசி வழியே பரவிய வதந்திகளால் பெற்றோர் பலர் தயங்கினர். முகாம்களின் காலம் நீட்டிக்கப்பட்டது. அர்ராஸி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அடையாளம் காட்டிய தட்டம்மை, தடுப்பூசி குறையும் இடங்களில் இன்றும் குழந்தைகளைக் கொல்கிறது.

நம் பொறுப்பு

இயற்கையாக வைசூரி கண்ட கடைசி மனிதர், 1977 அக்டோபரில் நோயுற்ற சோமாலிய முஸ்லிம் அலீ மாவ் மாலின். மருத்துவமனையில் சமையல் வேலை செய்தவர். ஊசியின் வலிக்கு அஞ்சி அம்மை குத்திக்கொள்ளாமல் இருந்தவர். பிழைத்தெழுந்த அவர், பிற்காலத்தில் போலியோ ஒழிப்புப் பணியில் இணைந்து, தயங்கிய தாய்மாரிடம் தம் கதையையே எடுத்துச் சொன்னார். 2013இல் அப்பணியில் இருந்தபோதே மலேரியாவால் காலமானார். அஞ்சியவர்களை அவர் இகழவில்லை. அவர்களுள் ஒருவராக நின்று பேசியதே அவரது வலிமை.

தமிழகத்தின் கிராமங்களில் புதன்கிழமைதோறும் கிராம சுகாதாரச் செவிலியர் தடுப்பூசி இடுகிறார். நவாபின் நாட்டைப் பறித்த கம்பெனியின் கையன்று அது. நம் வரிப்பணத்தில் நம் பிள்ளைகளுக்காக வரும் கை. ஐயமுள்ள பெற்றோர் செவிலியரை நாடும்முன் பெரும்பாலும் ஜமாஅத்தாரையும் ஆலிமையும் நாடுகின்றனர். அவர்களிடம் கிடைக்கும் சொல் அறிந்து சொன்னதா, கேள்விப்பட்டுச் சொன்னதா என்பதில் ஒரு குழந்தையின் உயிர் தங்கியிருக்கிறது. ஸர்ஃக்கில் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் செய்ததும் இதுவே: அறிந்தோரைக் கேட்டார்கள், மாற்றுக் கருத்துக்குச் செவிகொடுத்தார்கள், பின்னர் மக்களின் உயிரைக் காக்கும் முடிவை எடுத்தார்கள். அந்நெறியில் நிற்கும் சமுதாயத்துக்குத் தடுப்பூசி எவ்வகையிலும் அந்நியமானதன்று.