யாரின்ர வாயில் யாரின்ர பல்லு?

பல்லுக் கட்டுறது எண்டால் எங்களுக்கு அது வயசுபோன ஆக்களின்ர விசயம். இரவில் தண்ணிக் கிளாசுக்குள் போட்டு வைக்கிற சாமான், பேரப்பிள்ளையள் பகிடி பண்ணுறதுக்கு ஒரு காரணம். அரசர்களின் முடிக்கும் வாளுக்கும் கோட்டைக்கும் வரலாறு படிச்ச நாங்கள், அவர்களின் வாய்க்குள் என்ன இருந்தது என்று கேட்டதில்லை. ஆனால் விழுந்த பல்லின் இடத்தை மனிதர்கள் எதைக்கொண்டு நிரப்பினார்கள் என்று தேடிப்போனால், அடிமை முறை, போர், காப்புரிமை, இலவச மருத்துவம் என்று பெரிய சண்டைகள் எல்லாம் அந்தச் சின்ன இடைவெளிக்குள் வந்து நிற்கின்றன.

பல் கட்டும் வேலை பழையது. இத்தாலியில் வாழ்ந்த எத்ருஸ்கர்கள் கிறிஸ்துவுக்கு முன் 7ஆம் நூற்றாண்டு அளவிலேயே மெல்லிய தங்கப் பட்டியால் மாற்றுப் பல்லைப் பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் கட்டினார்கள். தங்கம் வாங்க முடிந்தவர்களுக்குத்தான் அது. இந்த விதி அதற்குப் பிறகும் கனகாலம் மாறவில்லை.

கதை சூடு பிடிப்பது 18ஆம் நூற்றாண்டில். இங்கிலாந்தில் பல் பழுதாவது கூடியதற்கு ஒரு பெரிய காரணம் சீனி. ஜமேக்காவிலும் பார்படோசிலும் ஆபிரிக்க அடிமைகள் கரும்பு வெட்டிக் காய்ச்சிய சீனி லண்டன் தேநீர்க் கோப்பைகளில் கரைந்தது. முதலில் அதை அள்ளிப் போட்டுக் குடிக்க வசதி இருந்தவர்கள் பணக்காரர்கள். சூத்தைப் பல்லும் முதலில் அவர்களுக்குத்தான் வந்தது.

விழுந்த பல்லுக்குப் பதிலாக யானைத் தந்தம், நீர்யானைத் தந்தம், மாட்டுப் பல் எல்லாம் பாவித்தார்கள். தந்தத்தைச் செதுக்கலாம், ஆனால் எச்சில் பட்டுப்பட்டு அது நிறம் மாறி, உக்கி, நாறத் தொடங்கும். ஆகத் திறமானது மனிதப் பல்லுத்தான் எண்டு எல்லாருக்கும் தெரியும். அதை யாரின்ர வாயில இருந்து எடுக்கிறது எண்டதுதான் கேள்வி.

லண்டனில் பேர்பெற்ற சத்திரசிகிச்சை வைத்தியர் ஜோன் ஹன்டர் 1770களில் வெளியிட்ட நூல்களில் பல் மாற்றி நடுவதைப் பற்றி எழுதினார். உயிரோடு இருக்கும் ஒருவரின் பல்லைப் பிடுங்கி உடனேயே இன்னொருவரின் பல்லுக்குழிக்குள் வைக்கலாம் என்பது அவர் கருத்து. முதல் ஆளின் பல் பொருந்தாவிட்டால் அடுத்தவரின் பல்லைப் பார்க்கலாம் என்பதற்காக, கொடுக்கக்கூடிய சிலரைத் தயாராக வைத்திருக்கச் சொன்னார். அந்தச் 'சிலர்' யார்? 1787இல் தோமஸ் ரோலண்ட்சன் வரைந்த கேலிச் சித்திரம் ஒன்று பதில் சொல்கிறது. புகைபோக்கி துடைக்கும் சின்னப் பெடியனின் பல்லைப் பிடுங்குகிறார்கள், பக்கத்தில் ஒரு சீமாட்டி காத்திருக்கிறாள். கிழிந்த உடுப்போடு இரண்டு பிள்ளைகள் கன்னத்தைப் பொத்திக்கொண்டு வெளியே போகிறார்கள். இப்படி நட்ட பற்கள் நெடுநாள் நிற்கவும் இல்லை. சிலருக்கு நோயையும் கூட்டிக்கொண்டு வந்தன.

அத்லாந்திக்குக்கு அந்தப்பக்கமும் இதே சந்தைதான். ஜோர்ஜ் வோஷிங்டன் 1789இல் அமெரிக்காவின் முதல் ஜனாதிபதியாகப் பதவியேற்றபோது அவருக்கு மிஞ்சியிருந்தது ஒரேயொரு சொந்தப் பல். அவர் மரப்பல் போட்டிருந்தார் எண்டது கட்டுக்கதை. நீர்யானைத் தந்தம், ஈயம், விலங்குப் பல், மனிதப் பல் என்பவற்றால்தான் அவருடைய பல் செட்டுகள் செய்யப்பட்டன. அவருடைய மவுண்ட் வேர்னன் தோட்டத்தின் 1784 மே மாதக் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி கிடக்கிறது. பல் வைத்தியர் ஒருவருக்காக ஒன்பது பற்களுக்குக் கறுப்பு மக்களுக்குக் கொடுத்த காசு பற்றியது அது. தொகை 122 ஷில்லிங்.

அந்த வைத்தியர் ஜோன் பியர் லு மேயர் என்ற பிரெஞ்சுக்காரர் என்றே வரலாற்றாசிரியர்கள் கொள்கிறார்கள். அவர் அந்தக் காலத்தில் முன்பல் ஒன்றுக்கு இரண்டு கினி, அதாவது 42 ஷில்லிங், தருவதாகப் பத்திரிகையில் விளம்பரம் போட்டவர். அடிமைகளின் பல் வேண்டாம் என்றும் அதில் இருந்தது. மவுண்ட் வேர்னனில் ஒரு பல்லுக்கு விழுந்த கணக்கு ஏறத்தாழ 13½ ஷில்லிங், அந்த விலையில் மூன்றில் ஒன்றுக்கும் குறைவு. பல்லைக் கொடுத்தவர்களின் பெயர் கணக்கில் இல்லை. அந்த ஒன்பதும் எந்த வாய்க்குப் போனது என்றும் இல்லை. காசு குடுத்துத்தானே வாங்கினது எண்டு சிலர் கேக்கலாம். உடம்பே இன்னொருத்தனின் சொத்தாக இருக்கிற ஆள், அந்த உடம்பில இருக்கிற பல்லைத் தரமாட்டன் எண்டு சொல்லேலுமோ?

1815 ஜூன் 18 அன்று வோட்டர்லூவில் ஒரே நாளில் பல்லாயிரம் இளம் வீரர்கள் செத்தும் காயப்பட்டும் விழுந்தார்கள். களத்தில் கிடந்தவர்களின் சப்பாத்து, பொத்தான், காசோடு முன்பற்களும் களவு போயின. செத்தது இளம் பெடியள், அதனால் பல்லு நல்ல பல்லு. குறட்டோடு போனவர்கள் அவற்றைச் சேர்த்து வித்தார்கள். 'வோட்டர்லூ பல்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. 1860களில் அமெரிக்க உள்நாட்டுப் போரில் இறந்தவர்களின் பற்களும் கடல் கடந்து இங்கிலாந்துக்கு வந்தன. பீங்கான் பல் 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே பாரிசில் செய்யப்பட்டிருந்தும், மனிதப் பல்லை அது ஓரங்கட்ட அரை நூற்றாண்டுக்கு மேல் எடுத்தது.

இந்த விதியை உடைத்தவை இரண்டு விசயங்கள். 1840களில் ஈதர் மயக்கமருந்து வந்தது, நோகாமல் பல்லைப் பிடுங்க முடிந்தது. பிடுங்கியவர்கள் கூடக் கூட, கட்டவேண்டியவர்களும் கூடினார்கள். அடுத்தது கந்தகத்தோடு சூடாக்கி இறுக்கிய இறப்பர், வல்கனைட். தங்கத் தகட்டுக்குப் பதிலாக இந்த இறப்பரில் முரசுக்கு அளவாக அச்செடுத்து, அதில் பீங்கான் பல்லைப் பதித்தார்கள். விலை விழுந்தது. சாதாரண ஆக்களும் முதல்முறையாகப் பல்லுக் கட்டக்கூடியதாக வந்தது.

உடனேயே வேலி போட ஆள் வந்தது. அமெரிக்காவில் குட்இயர் டென்ரல் வல்கனைட் கம்பனி 1864இல் வழங்கப்பட்ட ஒரு காப்புரிமையைக் கையில் வைத்துக்கொண்டு, இறப்பரில் பல்லுக் கட்டிய வைத்தியர்களிடம் அனுமதிக் கட்டணம் அறவிட்டது. கட்டாதவர்களைத் தேடித்தேடி வழக்குப் போட்டவர் கம்பனியின் பொருளாளர் ஜோசியா பேக்கன். 1879இல் சான் பிரான்சிஸ்கோவில் சாமுவேல் சல்ஃபன்ட் என்ற பல் வைத்தியர் அவரைச் சுட்டுக் கொன்றார். 1881இல் காப்புரிமை காலாவதியானது. மலிவான பொருள் வந்தவுடன் எல்லாம் எல்லாருக்கும் கிடைக்கும் என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கொலை ஒரு பாடம்.

இறப்பர் எண்டவுடன் எங்கட தீவும் நினைவுக்கு வரும். 1876இல் லண்டன் கியூ தோட்டத்தில் முளைக்கவைத்த பிரேசில் இறப்பர் கன்றுகள் கம்பஹா ஹெனரத்கொட பூங்காவுக்கு வந்தன. வல்கனைட் பல் 1930களில் அக்ரிலிக் பிளாஸ்ரிக் வரும்வரை பாவனையில் இருந்தது. அதற்கிடையில் களுத்துறையிலும் கேகாலையிலும் இரத்தினபுரியிலும் இறப்பர்த் தோட்டங்கள் பரவி, விடியக்காலையில் மலையகத் தமிழர்கள் பால் வெட்டி உலகச் சந்தைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

பொருள் மலிந்தபிறகும் காசு ஒரு பிரச்சினைதான். 1948 ஜூலை 5இல் பிரிட்டனில் தேசிய சுகாதார சேவை தொடங்கியபோது பல் செட்டும் இலவசமானது. எதிர்பாராத அளவுக்குச் சனம் குவிந்தது. இவ்வளவு காலமும் இத்தனை பேர் பல்லில்லாமல் பேசாமல் இருந்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது. 1951இல், கொரியப் போர்க்காலப் படைச்செலவு ஏறியபோது, பல் செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் அரைவாசி விலை அறவிட அரசு முடிவெடுத்தது. அந்தச் சேவையைக் கட்டியெழுப்பிய அனூரின் பெவன் அதை எதிர்த்து அமைச்சர் பதவியைத் துறந்தார். பொய்ப்பல்லுக்காக ஒரு மந்திரி பதவியை விட்டவர் எண்டால் கேக்கப் பகிடியாக இருக்கும். இலவசம் என்ற கொள்கையில் முதல் ஓட்டை விழும் இடத்தை அவர் சரியாகவே கண்டுபிடித்தார்.

கடைசி அத்தியாயம் சுவீடனில். முயல் எலும்பில் இரத்தோட்டத்தைப் பார்ப்பதற்காக டைட்டேனியக் கருவி ஒன்றைப் பொருத்திய பெர்-இங்வர் பிரோனமார்க், 1950களில் அதைத் திருப்பி எடுக்கப்போனபோது எலும்பு அதைப் பிடித்து வைத்திருந்தது. 1965இல் முதல் மனிதரின் தாடையில் டைட்டேனிய ஆணி வைத்துப் பல் பொருத்தினார். அந்த மனிதர் 2006இல் இறக்கும்வரை, ஏறத்தாழ நாற்பது வருசம், அது வேலை செய்தது.

இன்றைக்கு ஒரு பல்லுப் போனால் தெரிவு மூன்று. கழட்டிப் பூட்டுற செட்டு மலிவு, ஆனால் கீழ்த்தாடை எலும்பு வருசத்துக்கு வருசம் தேய, அது ஆடத் தொடங்கும். 'பிரிட்ஜ்' கழட்டத் தேவையில்லை, ஆனால் ரெண்டு பக்கத்துப் பல்லையும் அராவவேணும். இம்பிளான்ட் நல்லா நிக்கும், ஆனால் எலும்பும் வேணும், மாசக்கணக்கில் பொறுமையும் வேணும், காசும் வேணும். எங்கட அரசாங்க ஆஸ்பத்திரியில் பல்லைப் பிடுங்கக் காசு கேக்கிறேல்ல. இம்பிளான்ட் எண்டால் பெரும்பாலும் தனியார் கிளினிக்தான். ஒருவர் சிரிக்கும்போது அவரின்ர வருமானம் தெரியிறது இதனால்தான்.

இப்போது அடுத்தவரின் பல்லைப் பிடுங்கி எங்கட வாயில வைக்கிற காலமில்லை. அது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் யார் பல்லோட கிழவராகிறது, யார் பொக்கை வாயோட கிழவராகிறது எண்டதை இன்னும் காசுதான் தீர்மானிக்குது. பல்லுப் போனால் சொல்லுப் போச்சு எண்டு எங்கட ஆக்கள் சும்மா சொல்லேல்ல. இலவச சுகாதாரத்தைக் காப்பாத்தவேணும் எண்டு கதைக்கேக்க, வாயையும் அந்தக் கணக்கில சேர்த்துத்தான் கதைக்கவேணும்.