சோலர் 561: பெங்களூரில் எழுதப்பட்ட ஒரு நகலெடுப்பின் வரலாறு

பெங்களூரின் மென்பொருள் வரலாறு பெரும்பாலும் நிறுவனங்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. இந்நகரில் எழுதப்பட்ட நிரல்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஆய்வாளர்கள் அதிகம் தொடாத அவ்வரலாற்றில் ஒரு சிறு பகுதி இது.

சோலர் என்னும் தேடுபொறி 2004இல் அமெரிக்காவின் சிநெட் நிறுவனத்தில் யோனிக் சீலியால் உருவாக்கப்பட்டு, 2006இல் அப்பாச்சி அறக்கட்டளைக்கு வழங்கப்பட்டது. அதன் உள்ளீடு லூசின் ஆக்கித் தரும் ஒரு சொல்லடைவு. எந்தச் சொல் எந்த ஆவணத்தில் வருகிறது என்னும் பட்டியல்தான். சங்க இலக்கியச் சொல்லடைவைப் புரட்டியவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. தேடுவோர் பெருகும்போது ஒரே சொல்லடைவைப் பல கணினிகளில் வைத்தாக வேண்டும். தொடக்கத்தில் அந்நகலெடுப்பைச் செய்தவை சோலருக்கு வெளியே இயங்கிய ஷெல் நிரல்கள். அவை ஆர்சிங்க் கருவியையும் யூனிக்ஸ் கோப்பமைப்பையும் நம்பியிருந்தன. விண்டோசில் அவற்றுக்கு வேலையில்லை.

2008இல், ஏஓஎல் நிறுவனத்துக்காகப் பெங்களூரில் பணியாற்றிய நோபிள் பாலும் ஷாலின் சேகர் மங்கரும் இப்பணியைச் சோலருக்குள்ளேயே ஜாவாவில் கொண்டுவர முனைந்தனர். திட்டப் பதிவேட்டில் அதன் எண் 561. லூசின் ஒருமுறை எழுதி முடித்த கோப்பைத் திருத்துவதில்லை. புதிய கோப்புகளையே சேர்க்கிறது. எனவே இரு கணினிகளின் கோப்புப் பட்டியல்களை ஒப்பிட்டு, இல்லாதவற்றை மட்டும் வரவழைத்தால் போதும். அடிப்படையே மாறுபட்டுப் போயிருந்தால்தான் முழு நகல் தேவைப்படும். 2009 நவம்பரில் 1.4ஆம் பதிப்போடு இது வெளிவந்தது.

தேடல் சுமையைப் பகிர்வதற்காக எழுதப்பட்ட இந்நிரலுக்கு 2012 அக்டோபரில் வேறொரு பொறுப்பு வந்தது. அம்மாதம் வெளியான 4.0 பதிப்பு, பல கணுக்கள் சேர்ந்தியங்கும் சோலர் கிளவுடை அறிமுகப்படுத்தியது. அதில் வீழ்ந்து எழும் கணு முதலில் தலைமைக் கணுவோடு அண்மைய மாற்றங்களை ஒப்பிடும். இயல்பான அளவு 100 மாற்றங்கள். இடைவெளி அதற்குள் அடங்கினால் விடுபட்டவற்றை மட்டும் பெற்றுக்கொள்ளும். அடங்காவிட்டால் 561இன் வழியே கோப்புகள் வந்தாக வேண்டும். அதற்கிடையே வந்துசேரும் புதிய மாற்றங்கள் பதிவேட்டில் காத்திருந்து, நகலெடுப்பு முடிந்தபின் வரிசையாக ஏற்றப்படும். சோலர் கிளவுடின் சிறப்பைப் பேசுவோர் முதல் வழியையே பெரிதும் பேசுவர். நெடுநேரம் வீழ்ந்து கிடந்த கணுவுக்கோ இரண்டாவதுதான் புகலிடம். என் நோக்கில் மீட்பின் சுமையைத் தாங்கியது இந்தப் பழைய நிரலே.

மொழியியல் படித்தவள் என்பதால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. பழைய ஷெல் நிரல்களுள் ஒன்றின் பெயர் 'ஸ்நாப்புல்லர்'. அந்நிரலின் தேவை ஒழிந்த பிறகும், புதிய ஜாவா நிரலுக்குள் அதே பெயர் பல பதிப்புகள் வரை நீடித்தது; பின்னரே 'இண்டெக்ஸ்ஃபெட்சர்' ஆயிற்று. எசமான், அடிமை என்னும் பொருள்படும் சொற்கள் 2022இல் வந்த 9.0 பதிப்பில் தலைமை, பின்தொடர்வது என்னும் பொருளுடைய சொற்களாக மாறின. கல்வெட்டில் எழுத்தமைதியைக் கொண்டு காலம் கணிப்பதுபோல, இப்பெயர்களைக் கொண்டே ஒரு நிரல்பகுதியின் வயதை ஓரளவு சொல்லிவிடலாம்.

1.4ஆம் பதிப்பின் மாற்றக் குறிப்பில் 561க்கு ஒரு சிறு பத்தி உண்டு. சீலி, அக்‌ஷய் உகே உட்பட நான்கு பெயர்கள் அதன் இறுதியில் உள்ளன. ஊர்ப்பெயர் இல்லை.