துரையின் அனுமதியோடு லயனுக்குள் போன உபதேசியார்கள்

மிஷனரி என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது நீண்ட அங்கி அணிந்த ஐரோப்பியப் பாதிரியார்தான். வடக்கில் வளர்ந்தவர்களுக்கு வட்டுக்கோட்டை, உடுவில், மானிப்பாய் என்று அமெரிக்க மிஷனின் கல்லூரிகளும் வைத்தியசாலையும் கண்முன்னே நிற்கின்றன. மலையகத்தின் கதை வேறு. ஹட்டன், டிக்கோயா, நுவரெலியா மலைகளில் தோட்டம் தோட்டமாக நடந்து திரிந்த ஊழியர்களில் பெரும்பாலானோர் தமிழர்கள். கடல் கடந்து வந்த இளைஞர்கள். அவர்களை மக்கள் உபதேசியார் என்று அழைத்தார்கள்.

1854ஆம் ஆண்டு கண்டிப் பகுதியின் கோப்பித் தோட்டத் துரைமார் சிலர், சேர்ச் மிஷனரி சங்கத்தோடு சேர்ந்து ஒரு மிஷனைத் தொடங்கினார்கள். அதற்கு வைத்த பெயர் 'தமிழ் கூலி மிஷன்'. ஆண்டவரின் பிள்ளைகள் என்று சொல்லப் போன இடத்தில், பெயர்ப் பலகையிலேயே 'கூலி' என்று எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். அந்தச் சொல் அப்போது எவரையும் உறுத்தியதாகத் தெரியவில்லை. பொறுப்பேற்க வந்தவர் திருநெல்வேலியில் ஊழியம் செய்த செப்டிமஸ் ஹொப்ஸ். உபதேசியார்களும் திருநெல்வேலித் திருச்சபைகளிலிருந்தே வந்தார்கள். ஆங்கிலேயப் போதகரின் சம்பளம் இலண்டன் சங்கத்தின் பொறுப்பு. உபதேசியாரின் சம்பளமும் செலவும் துரைமார் தரும் சந்தாவிலிருந்து. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வந்தவர்கள் பனங்காட்டுப் பிள்ளைகள். செம்மண் தேரியும் வெயிலும் பதநீரும் பழகிய உடம்பு அது. இங்கே விடிந்தால் பனி, பகலில் மழை, காலில் அட்டை. தொழிலாளியைப் போலவே அவர்களுக்கும் கம்பளிதான் துணை. ரயில் 1884இல்தான் ஹட்டனுக்கு வந்தது, நானுஓயாவுக்கு 1885இல். அதற்கு முந்திய முப்பது வருடமும், அதன் பிறகும்கூட, ஒரு தோட்டத்திலிருந்து அடுத்த தோட்டத்துக்குப் போக நடைதான். ஒரு உபதேசியாரின் பொறுப்பில் ஒன்றல்ல, பல தோட்டங்கள்.

தோட்டத்தின் நேரம்தான் அவருடைய நேரமும். விடியற்காலையில் தப்பு அடித்துப் பிரட்டுக்கு ஆள் கூடும். பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிப்பதற்கு முன்னால் கிடைக்கும் சில நிமிடங்களில் அவர் பேச வேண்டும். அரைத் தூக்கத்தில், குளிரில், முந்தானைக்குள் கையை மடக்கிக்கொண்டு நிற்பவர்களிடம் என்ன பேச முடியும்? பிறகு எல்லோரும் மலைக்கு ஏறிவிடுவார்கள். பகலில் நோயாளிகளும் குழந்தைகளும் மட்டுமே லயனில் இருப்பார்கள். எனவே உண்மையான வேலை அந்திக்குப் பிறகுதான், அடுப்புப் புகை நிறைந்த பத்தடிக் காம்பராவின் வாசலில்.

அங்கே அவருக்கு வேறு தடைகள் இருந்தன. லயன்களே சாதிப்படி பிரிந்திருந்தன. ஒரு வரிசையில் தண்ணீர் வாங்கிக் குடித்தவரை அடுத்த வரிசையில் எப்படிப் பார்ப்பார்கள் என்பதை விளக்கத் தேவையில்லை. ஆள்கட்டிக் கொண்டுவந்த பெரிய கங்காணிக்கு, தன் ஆட்கள் வேறொருவர் பேச்சைக் கேட்பது பிடிக்காது. உபதேசியார் குருப்பட்டம் பெற்றவரும் அல்ல. நற்கருணை கொடுக்க அவரால் முடியாது. அதற்குப் போதகர் சுற்றி வரும் நாள்வரை சபை காத்திருக்கும். ஜெபிப்பது, வாசித்துக் காட்டுவது, ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பது, செத்தவரைப் புதைக்கக் கூட நிற்பது, இவைதான் அவர் கையில் இருந்தவை.

இப்போது அந்தச் சம்பளக் கணக்குக்கு வருவோம். தோட்டத்துக்குள் வெளியார் எவரும் துரையின் அனுமதியின்றி நுழைய முடியாது. கோ. நடேசய்யர் முதன்முறையாகத் தோட்டங்களின் நிலையைப் பார்க்க விரும்பியபோது, புடவை வியாபாரி வேடத்தில் போக வேண்டியிருந்தது. உபதேசியார் அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே நேர் வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்தார். அவர் பார்க்காதது எதுவுமில்லை. கடன் தீரும்வரை வேறு தோட்டத்துக்குப் போக விடாத துண்டு முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது. சொல்லாமல் வேலையை விட்டுப் போவது 1865ஆம் ஆண்டின் சட்டப்படி சிறைக்குரிய குற்றம். அனுமதி கொடுத்தவனே சம்பளமும் கொடுக்கும்போது, இவற்றைப் பற்றி உபதேசியார் வாய் திறந்தால் மறுநாள் வாசல் மூடும். மலையகத்தில் மிஷன் செய்தது என்ன என்று மதிப்பிடும் எவரும் இந்த மௌனத்தைத் தாண்டிப் போக முடியாது என்பது என் எண்ணம்.

ஆனால் அவர் விட்டுப் போனது மௌனம் மட்டுமல்ல. எழுத்தும்தான். தோட்டப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்த வேண்டும் என்று துரைமாரைச் சட்டம் கட்டாயப்படுத்தியது 1907இல். அரசு தோட்டப் பள்ளிகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியதோ 1977இல். சட்டம் வருமுன்னும், வந்த பின்னும் பல இடங்களில், பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தவர் உபதேசியாரோ அவரைப் போன்ற ஒரு மிஷன் ஆசிரியரோதான். ஹட்டனில் மெதடிஸ்த மிஷன் 1892இல் தொடங்கிய பள்ளிதான் இன்றைய ஹைலண்ட்ஸ் கல்லூரி.

யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு ஒரு தகவல். 1900 அளவில் யாழ்ப்பாண மாணவர்கள் தாங்களே ஒரு மிஷன் சங்கம் அமைத்து, கடலுக்கு அப்பால் இராமநாதபுரக் கரையிலுள்ள தொண்டிக்கு ஊழியர் அனுப்பினார்கள். 1902இல் இங்கு வந்து இதைக் கண்ட வே. ச. அசரியா, மறுவருடமே திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார். தோட்டங்களுக்கு ஆள் ஏறிய கரைகளில் தொண்டியும் ஒன்று. அங்கிருந்து மலைக்குப் போனவர்களுக்குத் திருநெல்வேலி உபதேசியார், ஊரில் மிஞ்சியவர்களுக்கு யாழ்ப்பாணத்து இளைஞர்.

அந்தச் சபைகள் பிறகு சிதறின. 1948இல் குடியுரிமை போனது. 1964 ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. 1977, 1983 வன்செயல்களில் தப்பியவர்களில் பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்தார்கள். அவர்களுக்கு என்ன நடந்தது என்பது இதை வாசிக்கும் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

1835இல் இலங்கைக்கு வந்த வில்லியம் ஓக்லி என்ற ஆங்கிலேயப் போதகர், 1886இல் இறக்கும்வரை ஒருமுறைகூடத் தாயகம் திரும்பவில்லை. மிஷன் வரலாறுகள் அதை வியந்து எழுதுகின்றன. பொகவந்தலாவைப் புனித மரியாள் ஆலய வளவில் படப்பிடிப்பாளர் ஜூலியா மார்கரெட் கமரோனின் கல்லறையைத் தேடி இன்றும் பயணிகள் வருகிறார்கள். உபதேசியார் ஜெபித்து அடக்கம் செய்தவர்களுக்குப் பெரும்பாலும் கல் இல்லை. தேயிலைச் செடிகளுக்கு நடுவே, எந்த இடம் என்று அந்தத் தோட்டத்து வயதானவர்கள்தான் காட்ட வேண்டும்.